பல்லுலகக் கொள்கையும் சமய நம்பிக்கையும்

திருவாசகத்துள் திருவண்டப் பகுதியின் தொடக்க அடிகளை எடுத்துரைத்து, மேனாட்டார் தொலைநோக்கி கொண்டு பின்னர்க் கண்டதனை மணிவாசகப் பெருமான் முன்னரே கண்டார் என முடித்துக் காட்டுவது நம் மேடைகளில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கமாகும். அண்டங்கள் உருண்டை வடிவின; அவை எண்ணிறந்தன; வீட்டினுட் புகும் கதிரொளியில் மிதக்கும் துகள்போல இறைவன் பெருமைமுன் அவை சிறுகித் தோன்றுவன என்பது அப் பகுதியின் கருத்து. இதனைக் கேட்போர் மகிழ்வர். உரைப்போர்க்கும் கைதட்டு உண்டு. யாமும் ஆசிரியத் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் அவ்வாறே பேசினோம். ஒருமுறை எழுதி வெளியிட்டதும் உண்டு. பின்னர் ஒருநாள் வகுப்பில் மாணவர் ஒருவர் எழுந்து, அவ் வுருண்டைகளில் உயிர்கள் உளவா, உளவாயின் அவையும் வீடுபேற்றுக்கு உரியனவா, அவற்றிற்குக் குரு யார் என மூன்று வினாக்களை அடுக்கினார். விடை கூற இயலாது நின்றோம். அண்டம் பல என்று பெருமிதத்தோடு சொன்னோமேயன்றி, பலவாயின் என்னாம் என்று எண்ணிப் பார்த்திலோம். அன்று கூறாத விடையைத் தேடிச் சென்றதன் பயனே இக் கட்டுரை.

அவ் வினாக்கள் நமக்குப் புதியன. மேனாட்டுக் கிறித்தவ உலகிற்கோ அவை மிகப் பழையன. நம்மவருட் பலர் இதனைச் சமயத்திற்கும் அறிவியலுக்கும் இடையே நிகழ்ந்த ஒரு போராகக் கருதுவர். பிற உலகங்களிலும் உயிர்கள் வாழ்தல் கூடும் என அறிவியல் கூறியது, சமயம் அதனை மறுத்தது என்பது அன்னோர் எண்ணம். வரலாறு அவ்வாறு நிகழவில்லை. 1853, 1854 ஆகிய ஈராண்டுகளில் பிரித்தானிய நாட்டில் நடந்த ஒரு வழக்கே இதற்குத் தக்க சான்றாகும். அதன்கண் கோள்களிற் குடிகளை வைத்தவர் ஒளியியலிற் புகழ்பெற்ற ஓர் அறிஞர். சமயப் பற்றே அவரை அவ்வாறு கூறச் செய்தது. அக் கோள்களிலிருந்து குடிகளை அகற்றியவர் குருப்பட்டம் பெற்ற ஒரு கல்லூரித் தலைவர். அவரைச் செலுத்தியதும் சமயப் பற்றே. இருவரும் ஒரே மறைநூலை ஓதியவர். ஒரே தொலைநோக்கிச் செய்திகளைக் கையாண்டவர். முடிபோ ஒன்றற்கொன்று முரணாயிற்று. இம் முரண் எங்கிருந்து பிறந்தது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

வழக்கினுட் புகுமுன் அதன் முன்வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். அரிஸ்டாட்டில் உலகம் ஒன்றே எனக் கொண்டவர். மண்ணின் இயல்பு உலகின் நடுவிடம் நோக்கி வீழ்தல். உலகம் இரண்டாயின் நடுவும் இரண்டாம். அப்பொழுது மண் எந் நடுவை நோக்கி வீழும் என்பது அவர்தம் தடை. அவருடைய நூல்கள் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ஓங்கி நின்ற காலத்தில், 1277-ஆம் ஆண்டு, அந் நகரத்து ஆயர் தாம்பியே 219 கருத்துகளைத் தவறென விலக்கினார். முதற்காரணனாகிய இறைவன் உலகங்கள் பலவற்றைப் படைக்க இயலாது என்பது அவற்றுள் ஒன்று. உலகம் பல உண்டு என ஆயர் கூறினாரல்லர். இறைவன் ஆற்றலுக்கு எல்லை கட்டாதீர் என்பதே அவர் கட்டளை. ஆயினும் அக் கட்டளையின் பயனாகப் பல்லுலகம் என்பது கற்றோர் எண்ணத்தக்க ஒரு பொருள் ஆயிற்று. தொலைநோக்கி தோன்றுதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே இவ் வாயிலைத் திறந்தது திருச்சபையின் ஆணையே என்பது நினைவிற் கொள்ளற்குரியது.

வாயில் திறந்தவுடன் இடர்ப்பாடும் உள்ளே புகுந்தது. கிறித்தவக் கோட்பாட்டின் உயிர்நிலை ஒரே ஒரு நிகழ்ச்சி. ஆதாமின் வழித்தோன்றல்கள் அனைவரும் அவன் செய்த பாவத்திற்கு உரியராயினர்; இறைமகன் மனித உருவேற்று, ஒரு நாட்டில், ஒரு காலத்தில், ஒருமுறை இறந்து உயிர்த்தெழுந்து அவர்களை மீட்டான். பிறிதோர் உலகில் மக்கள் இருப்பின் அவர் ஆதாமின் மரபினர் அல்லர். அவர்க்குப் பாவம் உண்டோ? உண்டெனின் மீட்பு யாது? பதினைந்தாம் நூற்றாண்டில் வில்லியம் வோரிலோன் என்னும் பிரான்சிஸ்கத் துறவி இதனை நேரே எடுத்து ஆராய்ந்தார். இவ்வுலகிற் கிறித்து இறந்ததே எண்ணற்ற உலகங்களை மீட்கப் போதும் என்றும், மீண்டும் இறத்தற்பொருட்டு அவர் வேறோர் உலகு செல்லுதல் தக்கதன்று என்றும் அவர் கூறினார். 1549-இல் லூத்தரின் தோழராகிய மெலாங்தன், கிறித்து ஒருமுறையே இறந்தார் ஆதலின் உலகமும் ஒன்றே என முடித்தார். ஒரே நிகழ்ச்சியினின்று இருவேறு முடிபுகள்! 1600-இல் உரோமை நகரில் எரிக்கப்பட்ட புரூனோவை இவ் வரலாற்றின் தலைமகனாக வைத்துப் பேசுவோர் பலர். அவர்மேற் சாற்றப்பட்ட குற்றங்களுள் பல்லுலகக் கொள்கையும் ஒன்று. மூவொருமை, கிறித்துவின் தெய்வத்தன்மை முதலியவற்றை மறுத்தார் என்பனவும் அவற்றுள் அடங்கும். ஆதலின் அவர் வழக்கை இவ்வொரு பொருளுக்கே உரியதாக்குதல் மிகையாகும்.

1686-இல் பிரெஞ்சு நாட்டார் பொந்தனேல் எழுதிய பல்லுலகம் பற்றிய உரையாடல் நூல் இவ் வாராய்ச்சியைக் கல்விக்கூடத்தினின்றும் மாளிகை முற்றத்திற்குக் கொண்டுவந்தது. மறுவாண்டே அது திருச்சபையின் தடைநூற் பட்டியலில் இடம்பெற்றது, இடம்பெற்றும் என்ன? படிப்போர் தொகை குறையவில்லை. திங்களில் வாழ்வோர் ஆதாமின் மக்களல்லர் என்று கூறித் தடையினின்று நழுவ முயன்ற அவர்தம் திறம் சுவையானது. அடுத்த நூற்றாண்டிலோ இடர்ப்பாடு முழுதும் மறக்கப்பட்டதுபோலும்! கோள்களில் உயிர்கள் உண்டு என்பது பத்தியுடையோர் கூற்றாகவே ஆகிவிட்டது. இறைவன் வீணாக ஒன்றும் படையான். இத்துணைப் பெரிய கோள்கள் கண்டு களிப்பார் ஒருவருமின்றி வெறிதே சுழலா. ஆகலின் ஆங்கும் அவனை வாழ்த்துவோர் இருத்தல் வேண்டும் என்பது வாதம். யுரேனஸ் என்னும் கோளைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல் 1795-இல் ஞாயிற்றிலும் உயிர்கள் வாழ்தல் கூடும் என எழுதினார். இவ் வெண்ணம் எத்துணைத் தொலைவு சென்றது என்பதற்கு ஸ்காத்லாந்தினரான தாமஸ் டிக் எழுதிய நூல் ஒன்றே சாலும். இங்கிலாந்தில் ஒரு சதுர மைலுக்கு 280 பேர் வாழ்ந்தனர் என்னும் கணக்கைப் பிற கோள்களுக்கும் ஏற்றி, ஞாயிறு நீங்கலாக ஞாயிற்று மண்டிலத்தின் குடித்தொகை 21,891,974,404,480 எனக் கண்டார் அவர். சனிக்கோளின் வளையங்களில் வாழ்வோரும் இத் தொகையுள் அடங்குவர். கடைசி எண்பதின்மரையும் எண்ணிய அவர் நம்பிக்கையை நோக்கி நகைப்பதா வியப்பதா என அறியோம். டிக் பத்தியிற் சிறந்தவர் என்பதை மட்டும் மறத்தலாகாது.

இங்ஙனம் பத்தியாளர் கையிலிருந்த படைக்கலத்தை முதன்முதற் பறித்துத் திருப்பியவர் தாமஸ் பெயின். 1794-இல் வெளிவந்த தம் நூலில் அவர் கூறியதன் சுருக்கம் இது: உலகங்கள் எண்ணில என நம்புவோர் கிறித்தவ மீட்புக் கதையையும் உடன் நம்புதல் இயலாது, அத்தனை உலகங்களையும் விடுத்து இறைவன் இங்கு வந்து இறந்தான் என்பது எவ்வாறு பொருந்தும், ஒவ்வோர் உலகிலும் அவன் இறந்தான் எனினோ உலகினின்று உலகிற்குச் சென்று இறந்துகொண்டே இருத்தல்வேண்டும். வோரிலோனின் பழைய வினாவே எள்ளலாக உருமாறி வந்தது. அதற்கு விடை கூறியவர் தாமஸ் சால்மர்ஸ் என்னும் ஸ்காத்லாந்துக் குரு. கிளாஸ்கோ நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1817-இல் நூலாகி ஓராண்டிற்குள்ளேயே பல பதிப்புகளைக் கண்டன. தொலைநோக்கி இறைவன் ஆட்சியின் பரப்பைக் காட்டிற்று. நுண்ணோக்கியோ ஒரு துளி நீரிலும் அவன் கருதல் நிறைந்துள்ளமையைக் காட்டிற்று. பரந்தது பற்றிச் சிறியதை அவன் மறப்பான் எனல் மனிதன் தன் மறதியை அவன்மேல் ஏற்றுதலாம் என்றார் சால்மர்ஸ். தவறிப்போன ஓர் ஆட்டைத் தேடிச்செல்லும் ஆயனின் உவமையை நினைவூட்டி, மண்ணுலகே அத் தவறிய ஆடு என்னும் குறிப்பும் வைத்தார். கேட்டோர் நெஞ்சம் உருகியது உண்மை. ஆயினும் பெயின் கேட்டது இறைவன் அன்பைப் பற்றியன்று, பிற ஆடுகளின் நிலை பற்றி.

இந் நிலையிற்றான் வில்லியம் ஊவெல் வருகின்றார். 1794-இல் இலங்காஸ்டர் நகரிற் பிறந்தவர். தச்சர் ஒருவரின் மகன். 1841 முதல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியின் தலைவர். ஆங்கிலத் திருச்சபையின் குரு. கனிமவியல், கடலலை, அறிவியல் வரலாறு, அறநூல் என அவர் தொடாத துறை அரிது. அறிவியல் அறிஞரைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல்லை ஆக்கித் தந்தவரும் அவரே. 1833-இல் வானூலும் இயற்கை இறைநூலும் பற்றி எழுதிய நூலில், விண்மீன்களைச் சூழ்ந்து கோள்களும் அவற்றில் உயிர்களும் இருத்தல் கூடும் என்று அவரும் பிறரைப்போலவே எழுதியிருந்தார். இருபது ஆண்டுகள் கழித்து 1853-இல், பெயர் குறியாது ஒரு நூல் வெளியிட்டார். அது பல்லுலகக் கொள்கையை அடியோடு மறுத்தது. எழுதியவர் யார் என்பது விரைவில் வெளியாயிற்று. எல்லையில்லாப் பேரண்டத்தில் டிரினிட்டிக் கல்லூரித் தலைவரினும் பெரியது பிறிதில்லை என நிறுவவே இந் நூல் எழுந்தது என்று நகையாடினர்.

நகையாட்டில் ஒரு நுண்மை உண்டு; நூலுக்கு அது நேர்மை செய்வதன்று. ஊவெலைக் கலக்கியது பெயினின் வினாவே. சால்மர்ஸ் தந்த விடை அவர்க்கு நிறைவு அளிக்கவில்லை. அறிவும் அறவுணர்வும் உடைய உயிர்கள் வேறு உலகில் உள எனின், அவ் வுயிர்கள் மனிதரினின்றும் எவ்வாற்றான் வேறாம்? அறம் உணர்வோர் அறம் பிழைத்தலும் கூடும். பிழைப்போர்க்கு ஒரு வரலாறு உண்டு. வரலாறு உடையோர்க்கு மீட்பும் வேண்டும். எனவே குடிகள் உண்டு என்று எளிதாகச் சொல்லிவிட்டு அவர்களை வாழ்த்துப் பாடும் கூட்டமாக மட்டும் நிறுத்திவிடுதல் ஆகாது. இதனை உணர்ந்த ஊவெல், குடிகள் உண்டு என்பதற்கு உள்ள சான்றுதான் யாது என்று வானூலின்பாற் சென்று வினவினார்.

வானூல் அவர்க்குத் துணை செய்தது. திங்களில் நீரும் காற்றும் இல்லை. வியாழனின் அடர்த்தி பூமியினது நான்கில் ஒரு பங்கே. அங்கு விழும் ஞாயிற்றொளி இங்கு விழுவதில் ஏறத்தாழ 27-இல் ஒரு பங்கு. அது நீர்க்கோளம் போல்வதாகலாம் எனவும், ஆங்கு உயிர் இருப்பின் எலும்பற்ற கொழகொழத்த உடம்பினவாகவே இருத்தல் கூடும் எனவும் அவர் கருதினார். 1846-இற் கண்டறியப்பட்ட நெப்டியூனில் ஞாயிற்றொளி 900-இல் ஒரு பங்கே. வெம்மையும் தண்மையும் அளவிற்பட்ட இடைநிலத்தே, ஞாயிற்றுக்கு மிக அணித்தும் மிகச் சேய்த்தும் அல்லாத ஓரிடத்தே, பூமி அமைந்துள்ளது என அவர் எடுத்துக் காட்டினார். இன்று வானூலார் உயிர்வாழ்தற்கேற்ற வட்டம் எனக் கூறும் கருத்தின் முன்னோடி இது. விண்மீன்களுக்குக் கோள்கள் உண்டு என்பதற்கோ அக்காலத்தில் ஒரு சான்றும் இல்லை என்றார்.

ஆயினும் அந் நூலின் வலிமையான பகுதி வானூலன்று, நிலநூல். இறைவன் ஒன்றையும் வீணாகப் படையான் என்பதன்றோ எதிரிகளின் அடிப்படை? அங்ஙனமாயின், நிலநூலார் காட்டும் எண்ணில் ஊழிகளாக இப் பூமி அறிவுடையோர் ஒருவருமின்றி, சிப்பியும் மீனும் பல்லியினமும் ஊர்ந்து திரியும் இடமாகக் கிடந்ததே, அஃது என் கொல்லோ? காலத்தில் இத்துணைப் பெரும் பகுதி அறிவின்றி வெறிதாகக் கழிந்தமை இறைவன் பெருமைக்கு இழுக்கன்று எனின், இடத்தில் பெரும் பகுதி வெறிதாகக் கிடத்தலும் இழுக்கன்று. மனித வரலாறு காலத்தில் ஓர் அணுவளவினது. பூமி இடத்தில் ஓர் அணுவளவினது. ஒன்றை ஒப்புவோர் மற்றொன்றையும் ஒப்புதல்வேண்டும். இயற்கை ஒரு மரத்திற்கு ஆயிரம் விதைகளைச் சிந்துகிறது, முளைப்பது ஒன்று. அவ்வாறே கோள் பல; கனிந்தது ஒன்று. இவ் வாதத்தை முதன்முறை படித்தபொழுது நூலை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தோம். எதிரியின் கோட்டையை எதிரியின் கல்லாலேயே இடித்த வாதம் இஃது. நூல் அச்சுக் கோக்கப்பட்ட பின்னர், நண்பர் ஒருவரின் அறிவுரைப்படி, இறுதியில் இருந்த இறைநூற் பகுதிகளை ஊவெல் நீக்கிவிட்டார். 2001-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பில் அவையும் வெளிவந்துள்ளன.

மறுப்பு விரைந்து வந்தது. டேவிட் புரூஸ்டர் ஒளியின் முனைவாக்கம் பற்றிய ஆய்வுகளாற் புகழ்பெற்றவர். குழந்தைகள் விளையாடும் வண்ணக்காட்டிக் குழலைப் புனைந்தவர். நியூட்டனின் வரலாற்றை எழுதியவர். இளமையிற் குருத்தொழிலுக்குப் பயின்று சமயப் பேருரை ஆற்றும் உரிமையும் பெற்றவர். 1854-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே, உலகம் ஒன்றன்மேலும் உண்டு என்றும், அஃது அறிஞன் கோட்பாடு, கிறித்தவன் நம்பிக்கை என்றும் முழங்கியது. சினம் ததும்பும் நூல் அது. மண்ணுலகைக் குடியிருப்பிற்காகவே இறைவன் படைத்தான், வீணுக்கன்று என்னும் ஏசாயா தீர்க்கதரிசியின் கருத்தை அவர் சான்றாகக் கொண்டார். குடியில்லா உலகு வீண் என்பது அதனாற் பெறப்படும் அன்றோ என்பது அவர் வினா. மீட்பு பற்றிய இடர்ப்பாட்டிற்கு அவர் கண்ட வழி வோரிலோன் கண்டதே. கிறித்துவின் சாவு அவருக்கு முன் வாழ்ந்தோர்க்கும் பயன் தந்தது. அவர் பெயரே கேளாத தொலைநாட்டார்க்கும் பயன் தந்தது. காலத்தையும் நாட்டையும் கடந்த அப் பயன் கோள்களின் இடைவெளியைக் கடவாதோ என்றார். நிலநூல் வாதத்திற்கு அவர் கூறிய மறுமொழி அத்துணை உரமுடையதன்று. மனிதன் வருகைக்குப் பூமி ஆயத்தம் செய்யப்பட்டது என்பர். ஆயத்தம் என்றால் இத்துணை நெடுங்காலமா என்பது நின்றேவிடுகின்றது.

பின்னைய அறிவியல் இவ் வழக்கிற்குத் தந்த தீர்ப்பு ஒருவர் பக்கமும் முழுதும் சாய்ந்ததன்று. வியாழன் நீர்க்கோளமன்று; நீர்வளியும் ஈலியமும் திரண்ட பெருங்கோள். ஆயினும் ஆங்கு மனிதர் இலர் என்றதில் ஊவெல் பிழைத்தாரல்லர். வான்புகைப் படலங்கள் யாவும் விண்மீன் கூட்டங்களாதல் வேண்டா, வளித்திரளும் ஆகலாம் என்று அவர் ஐயுற்றார். 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் நிறமாலை கொண்டு அத்தகைய வளிப்படலம் ஒன்றைக் கண்டார். ஊவெல் மறைவதற்கு ஈராண்டு முன்னர். ஆனால் அப் படலங்களிற் பல நம் விண்மீன் கூட்டத்திற்கு அப்பாற்பட்ட பெருங்கூட்டங்களே என்பதை 1920-களில் ஹப்பிள் நிறுவினார். அது ஊவெலுக்கு மாறாயிற்று. 1995-இல் மேயர், கெலோ என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் இருவர் ஞாயிறு போன்ற விண்மீனொன்றைச் சூழ்ந்த கோளை முதன்முதற் கண்டனர். இன்று அத்தகைய கோள்கள் ஐயாயிரத்திற்கு மேற்பட்டன அறியப்பட்டுள்ளன. கோள் உண்டு என்பதில் புரூஸ்டர் வென்றார். உயிர் உண்டு என்பதற்கு இதுகாறும் சான்று ஒன்றும் கிடைக்கவில்லை.

புரூஸ்டரின் நூல் எடின்பரோவில் விவாதிக்கப்பட்ட அதே 1854-ஆம் ஆண்டில், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் வேறொரு நூல் வெளிவந்தது. அதனை நோக்கியே இத்துணையும் கூறிவந்தோம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராக விளங்கிய அமெரிக்கப் பாதிரியார் ஹென்றி ஹொய்சிங்டன், சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். இவரே 1848-இல் இந்துக்களின் வானூலைப் பற்றித் தமிழும் ஆங்கிலமுமாக ஒரு நூலை யாழ்ப்பாண அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சிட்டவர். வானூலும் சைவ சித்தாந்தமும் ஒருவர் மேசையில் அருகருகே கிடந்தன. அவர் இவ்விரண்டையும் பல்லுலக வழக்கோடு இணைத்துக் கண்டார் என்று யாம் கூற வரவில்லை. சிவஞானபோதம் ஆங்கிலம் கற்றோர் கைக்கு எட்டிய ஆண்டிலேயே ஊவெலும் புரூஸ்டரும் மோதினர் என்னும் பொருத்தமே எம்மை இருவழக்கையும் அடுத்தடுத்து வைத்து நோக்கத் தூண்டியது.

சித்தாந்தத்தின்படி உலகம் எதற்காக உண்டாயிற்று? உயிர்களின் பொருட்டு. ஆணவத்தாற் கட்டுண்டு கிடக்கும் உயிர் வினையை நுகர்ந்து கழித்துப் பக்குவம் எய்துதற்காக, இறைவன் மாயையினின்றும் தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் அளிக்கின்றான். தநு உடம்பு, கரணம் மனம் முதலிய கருவி, போகம் நுகர்பொருள், புவனம் நுகர்தற்குரிய இடம். எனவே உயிரில்லாப் புவனம் என்பது சித்தாந்தத்திற் பொருளற்ற தொடர். இவ்வளவில் மெய்கண்டார் மரபு புரூஸ்டர் பக்கமே நிற்கின்றது எனத் தோன்றும். உலகு வாழ்வோர்க்கே உரியது என்னும் அடிப்படை இருவர்க்கும் ஒன்று.

ஆயின் ஊவெலின் நிலநூல் வாதத்தை இங்குக் கொணர்ந்து பாருங்கள். புரூஸ்டரைத் திணறவைத்த அவ் வாதம் சித்தாந்தியை அசைக்காது. கிறித்தவ மரபில் மீட்புக்குரிய உயிர் மனிதனுக்கே உண்டு. ஆதலின் மீனும் பல்லியும் நிறைந்த ஊழிகள் வெற்றூழிகள் ஆயின. சித்தாந்தத்திலோ முட்டையிற் பிறப்பன, வேர்வையிற் பிறப்பன, வித்தில் முளைப்பன, கருப்பையிற் பிறப்பன என்னும் நால்வகைத் தோற்றமும், எண்பத்துநான்கு நூறாயிரம் யோனி பேதமும் ஒரே உயிர் ஏறியிறங்கும் படிகளே. புல்லும் உயிரின் தநு. புழுவும் உயிரின் தநு. பாறையிற் படிந்த சிப்பி வாழ்ந்த காலத்தும் இப் பூமி வினை நுகரும் புவனமாகவே இருந்தது. செவ்வாயின் மண்ணில் என்றேனும் ஒரு நுண்ணுயிரின் சுவடு காணப்படின், ஊவெலுக்கும் புரூஸ்டருக்கும் அது வழக்கின் புறத்தது. அறிவுடையோரைப் பற்றியதன்றோ அவர் வழக்கு? சித்தாந்திக்கோ அவ்வொன்றே போதும், மாணவரின் இரண்டாம் வினாவை எழுப்புதற்கு. விடை, ஆம் என்பதே. எவ்வுடம்பில் இருப்பினும் உயிர் வீடுபேற்றுக்கு உரியது.

குரு யார் என்னும் மூன்றாம் வினாவே மேனாட்டாரை அறுநூறு ஆண்டு அலைத்தது. ஈண்டும் கோட்பாட்டின் அமைப்பே வேறு. சிவன் கருவிற் பிறந்து இறப்பவன் அல்லன் என்பது சைவர் துணிபு. ஒருமுறை நிகழ்ந்து எல்லா உலகிற்கும் பயன்தர வேண்டிய மீட்பு நிகழ்ச்சி என ஒன்று இங்கு இல்லை. பக்குவம் எய்திய உயிர்க்கு அவன் அருளும் முறை அவ்வுயிரின் நிலைக்கேற்ப வேறுபடும். ஒரு மலமுடைய விஞ்ஞானகலர்க்கு உள்ளத்தின் உள்ளே உணர்த்துவான். இரு மலமுடைய பிரளயாகலர்க்குத் தன் தெய்வ வடிவோடு முன்னின்று உணர்த்துவான். மும்மலமுடைய சகலர்க்கு அவரையொத்த குருவடிவில் மறைந்து நின்று உணர்த்துவான். ஒவ்வோர் உலகிலும் இறைவன் இறத்தல் வேண்டுமோ என்ற பெயினின் எள்ளல் இங்கு நுழைய இடமில்லை. இதனாற் சைவம் உயர்ந்தது, கிறித்தவம் தாழ்ந்தது என்று யாம் கூறினோமல்லேம். ஒரு நாட்டில், ஒரு நாளில், ஒரு மரச்சிலுவையில் நிகழ்ந்ததாகக் கொள்ளும் நம்பிக்கைக்கு உள்ள உறுதியும் நெருக்கமும் அந் நிகழ்ச்சியின் ஒருமையினாலேயே வருவன. அவ் வொருமைக்கு அது கொடுத்த விலையே பல்லுலக இடர்ப்பாடு.

இனி, மேடையில் யாம் செய்த பிழைக்கு வருகின்றோம். சித்தாந்த நூல்கள் கூறும் 224 புவனங்களைக் கோள்கள் என்று கொள்ளல் ஆகாது. அவை நிவிர்த்தி கலையில் 108, பிரதிட்டையில் 56, வித்தையில் 27, சாந்தியில் 18, சாந்தியதீதையில் 15 என வகுக்கப்பட்டுள்ளன. கலையும் தத்துவமும் பற்றிய இவ் வரிசை, பருமையினின்று நுண்மைக்கு ஏறும் வரிசை. மைல் கணக்கில் அளக்கும் தொலைவு வரிசையன்று. சூரபன்மன் ஆண்டதாகக் கந்தபுராணம் கூறும் 1008 அண்டங்களின் நிலையும் அத்தகையதே. திருவண்டப் பகுதியிலும் அண்டங்கள் எண்ணப்படுவது வானத்தை விளக்குதற்கு அன்று; இறைவன்முன் அவை துகளாதலைக் காட்டுதற்கே. அதனைத் தொலைநோக்கியின் முன்னறிவிப்பாக்கினால், எதனைச் சிறிதென்று காட்ட மணிவாசகர் பாடினாரோ அதனையே பெரிதாக்கி அவர் கையிற் கொடுத்தோர் ஆவோம். மேலும், வானூல் நாளை மாறுமாயின் திருவாசகமும் உடன் பொய்ப்படல் வேண்டும். ஹெர்ஷல் ஞாயிற்றிற் குடிவைத்ததை நம்பி அதற்கேற்ப மறைநூலுக்குப் பொருள் உரைத்திருப்பின் என்னாகியிருக்கும் என்பதை எண்ணுக.

ஒன்று எஞ்சியுள்ளது. சிவஞானசித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் மானிடப் பிறப்பின் அருமையைக் கூறுமிடத்து, வானுலகத்தாரும் இம் மண்ணிற்கு வந்தே அரனை வழிபடுவர் என்கின்றார். இதனைக் கண்டவுடன் ஊவெல் நினைவிற்கு வருதல் இயல்பு. பேரண்டத்தில் பூமி ஒன்றே சிறப்புடையது என இருவரும் கூறுவர்போலும் என எண்ணுதற்கு இடம் உண்டு. நண்பர் சிலர் எம்மிடம் அவ்வாறே வாதிட்டனர். ஆயினும் இடம் நோக்குக. அங்கு ஆசிரியர் ஒப்பிடுவது மண்ணையும் பிற கோளையும் அன்று. வினை செய்தற்குரிய நிலத்தையும் இன்பம் நுகர்தற்குரிய வானுலகையும். தேவர்க்கு இன்பம் உண்டு, வழிபாட்டுக்கு உரிய உடம்பும் இடரும் இல்லை. அவை இம் மண்ணில் உண்டு. உடம்பும் பசியும் சாவும் உடைய உயிர்கள் வேறு விண்மீனின் ஒளியில் வாழ்வன எனின், அருணந்தியார் அவர்களைத் தேவர் வரிசையில் வைத்திருக்கமாட்டார். நம் வரிசையிலேயே வைத்திருப்பார்.